பல் மேலே இருந்தால் எண்ணெய்

மூன்றாவது கெட்டில் வெந்நீரைச் சித்தப்பா இன்ஜின் மேல் ஊற்றப் போனபோது, பாப்பா பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சித்தப்பா, அது பேட்டரி!”

“தெரியும்மா. அதுவும் ராத்திரி பூரா குளிர்லதானே கிடந்துச்சு? அதுக்கும் கொஞ்சம் இதமா இருக்கட்டும்னு பார்த்தேன்.”

‘தெரியாது’ என்ற சொல்லைச் சித்தப்பா வாயிலிருந்து கேட்டவர் யாரும் கிடையாது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கடையில் காலமெல்லாம் நின்றவர். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் கண் இமைக்காமல் ஒரு பதிலைச் சொல்லிப் பழகிவிட்டார். அந்தப் பழக்கம்தான் இப்போது வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

கார் கேட்டுக்கு நட்டநடுவில் நின்றது. மழைத்தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று அப்பா கட்டிய சிமெண்ட் மேடு ஒன்று வாசலில் உண்டு. முன்சக்கரங்கள் அதைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தன. பின்சக்கரங்கள் தெருவிலேயே இருந்தன. நேற்று மாலை காரை ஓட்டிக்கொண்டு வந்தது சித்தப்பாதான். மேட்டில் ஏறும்போது இன்ஜின் நின்றுபோனது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். காலையில் சாவியைத் திருப்பினால் காரில் உயிர் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு, காருக்கும் மதிலுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து வந்தார்கள். மனிதர்கள் அப்படி நுழையலாம். பெட்டி நுழையாது. முன்னறையில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார். அவரை எடுத்துப் போகும் வண்டி பத்து மணிக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

தள்ளியும் பார்த்தாகிவிட்டது. அப்பா பல் செட் செய்கிறவர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பட்டறையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு மெல்லக் கொடுத்தவர். அதனால் அவர் சாவுக்கு வந்தவர்களுக்குப் பல் பிரமாதமாக இருந்தது, இடுப்புதான் யாருக்கும் சரியில்லை. ஆறேழு பேர் சேர்ந்து ‘ஏலேலோ’ போடாத குறையாகத் தள்ளினார்கள். கார் மேட்டில் அரையடி ஏறி, யோசித்து, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நாற்காலி கேட்டார்.

“இதுக்கு என்னதான் பண்ணணும்னு அண்ணனையே கேட்டா...” என்று ஆரம்பித்த சித்தப்பா, பாதியில் நிறுத்திக்கொண்டு கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

பாப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குத் தலையில் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்து வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் இந்தத் தெருவில் அவள் பாப்பாதான். வேறொரு ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நேற்றுப் பிற்பகல் கடையில் ஒருவருக்கு லென்ஸ் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அதிலிருந்து அவளுக்குத் தலை கால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறியது நினைவிருக்கிறது, இறங்கியது நினைவில்லை. அழ வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் யாராவது அவளிடம் எதையாவது கேட்டார்கள். தலையணை எங்கே, தண்ணீர் பாட்டில் எங்கே, பிளக் எங்கே இருக்கிறது. அவளும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது கார்.

காரின் கதை தெரியாதவர்களுக்கு அதைப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். அது டீசல் கார். ஆனால் அப்பா அதைச் சமையல் எண்ணெயில் ஓட்டினார். மீன் பொரிக்கிற கடையில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை டின்னில் வாங்கி வருவார். அம்மா கிழிந்த தலையணை உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்துக் கொடுப்பாள். அதில் வடிகட்டி, காரின் டிக்கியில் தானே பொருத்திய இன்னொரு டாங்கில் ஊற்றுவார். எண்ணெய் கெட்டியானது, அப்படியே இன்ஜினுக்குப் போகாது. இன்ஜினில் சுடுகிற தண்ணீரையே ஒரு குழாயில் சுற்றிக் கொண்டுவந்து எண்ணெயைச் சூடாக்க வேண்டும். ஆகவே கிளம்பும்போது டீசல். சூடு ஏறியதும் எண்ணெய். கார் போகும் வழியெல்லாம் பொரித்த வாசனை வரும். தெருக்காரர்கள் அந்தக் காருக்கு ‘வாணலி’ என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாணலி கறார். நிறுத்துவதற்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாலேயே மறுபடி டீசலுக்கு மாற்றிவிட வேண்டும். டீசல் வந்து குழாய்களில் தங்கிய எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும். மாற்றாமல் நிறுத்தினால் இன்ஜின் ஆறியதும் எண்ணெய் உள்ளேயே உறைந்துவிடும். பிறகு குட்டிக்கரணம் போட்டாலும் கிளம்பாது.

மாற்றுவதற்கு ஒரு சுவிட்ச். முன்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்தது. அதன் குமிழ் உடைந்தபோது அப்பா பட்டறையிலிருந்து ஒரு கடைவாய்ப் பல்லைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார். பல் மேலே இருந்தால் எண்ணெய். கீழே இருந்தால் டீசல். அம்மா கூட இருந்தால் அது அம்மாவின் வேலை. வீடு நெருங்கும்போது, தண்ணீர்த் தொட்டி தாண்டியதும், அப்பா “மாத்து” என்பார். அம்மா பேச்சைக்கூட நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், பல்லைக் கீழே தள்ளுவாள்.

அந்தச் சொல் மெல்லக் காரைவிட்டு இறங்கி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. போன இடத்தில் அப்பாவுக்குக் கிளம்ப வேண்டும்போல் இருந்தால், எல்லார் நடுவிலும் “மாத்திடலாமா?” என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா தன் கதையைச் சுருக்கிக்கொள்வாள். பாப்பா ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் “மாத்திட்டியா?” என்பார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாயா என்று அர்த்தம். வெளியாட்களுக்கு ஒன்றும் விளங்காது.

பாப்பா பட்டறையிலிருந்து பழைய துண்டுகளையும், ஒரு புதுப் பில்டரையும், ஒரு பாட்டிலில் கொஞ்சமாக மிச்சமிருந்த டீசலையும் கொண்டுவந்தாள். ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் அவளும் ஒருமுறை மாற்ற மறந்து நிறுத்தியவள்தான். அப்போது அப்பா திட்டவில்லை. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, “பாவம், உடம்புக்கு முடியலை” என்று சொல்லிக்கொண்டே குழாய்களைச் சுற்றிவிட்டார்.

“வெந்நீரைத் துண்டுல ஊத்துங்க சித்தப்பா. குழாய் மேல மட்டும் சுத்துங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க.”

“அதைத்தானே நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

பழைய பில்டரைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய் நெய்யாக உறைந்து கிடந்தது. அப்போதுதான் அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். பல் மேலே இருந்தது.

“பல்லு மேலயே இருக்கே. நீங்க தொட்டீங்களா?”

“நான் எதுக்குத் தொடப் போறேன்? சாவியைப் போட்டேன், ஓட்டிக்கிட்டு வந்தேன். அவ்வளவுதான்.”

நேற்றிலிருந்து அம்மா வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் முன்னறையிலிருந்து அது கேட்டது. “ஒரு நொடிதானாம். டாக்டர் சொன்னார். அவருக்கே தெரிஞ்சிருக்காதாம்.” பிடித்துக்கொள்ள அம்மாவுக்கு அது ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வதுபோல, முழு வாக்கியமாக, ஒரு எழுத்து குறையாமல் சொன்னாள். பல் மேலே இருக்கிறது என்றால் டாக்டர் சொன்னது உண்மை. அப்பாவுக்கு மாற்றக்கூட நேரமில்லை. எதுவும் தெரியாமலேயே போயிருக்கிறார்.

நேற்று மதியம் எண்ணெய் வாங்கிக்கொண்டு வரும் வழியில், புறவழிச் சாலையில், ஒரு டயர் கடைக்கு எதிரே கார் ஓரமாக நின்றிருக்கிறது. கோணல்மாணல் இல்லாமல், கோட்டுக்கு வெளியே, ஒழுங்காக. சீட்டில் சாய்ந்து தூங்குகிறார் என்றுதான் டயர் கடைக்காரர் நினைத்திருக்கிறார். வெகுநேரம் கழித்துத்தான் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பா போய்க் காரை எடுத்து வந்தார்.

பாப்பா புதுப் பில்டரில் டீசலை ஊற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை அந்தக் குளிரில் கார் சும்மா நின்றிருக்கிறது. எண்ணெயோடு நின்றிருந்தால் அங்கேயே உறைந்திருக்க வேண்டும்.

“சித்தப்பா. நேத்து அங்க போய் எடுத்தப்ப, ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்துச்சா?”

“நேரமா? ஒரே சாவி! டயர் கடைக்காரரே அசந்து போயிட்டார். வந்த உடனே எல்லார்கிட்டயும் சொன்னேனே, நீ கேட்கலை?”

“ஒரே சாவியா?”

அவள் முகத்தைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குத் தான் ஏதோ ஏடாகூடமாகச் சொல்லிவிட்டோம் என்று பட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை. ஆகவே விற்பனையாளர் செய்கிற காரியத்தைச் செய்தார். வேறு மாடலைக் காட்டினார்.

“ஒரே சாவின்னா... சுத்தமா ஒரே சாவின்னு சொல்ல முடியாது. கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு. ரெண்டு மூணு தடவை திருப்பினேன்.”

“பல்லு எங்க இருந்துச்சு?”

“நடுவுல.”

“நடுவுலன்னு ஒண்ணு கிடையாது சித்தப்பா. மேல இல்லைன்னா கீழ.”

“அப்படின்னா மேலதான் இருந்திருக்கும்.”

“இருந்திருக்குமா, இருந்துச்சா?”

சித்தப்பா கெட்டிலைத் தரையில் வைத்தார். சிமெண்ட் மேட்டின் மேலேயே உட்கார்ந்தார். நல்ல பேண்ட் போட்டிருந்தார், அது நனைந்தது.

“டீசல் முள்ளு சிவப்புல படுத்துக் கிடந்துச்சு. பக்கத்துல எண்ணெய் முள்ளு நிறைஞ்சு நின்னுச்சு. நடுரோட்டுல நின்னு போச்சுன்னா என்ன பண்றதுன்னு, நிறைஞ்சதுலயே ஓட்டுவோம்னு, பல்லை மேல தள்ளினேன்னுதான் நினைக்கிறேன். இல்லை, முதல்லயே மேலதான் இருந்துச்சோ என்னமோ. எனக்கு அப்ப என்ன கண்ணு தெரிஞ்சுச்சு? சீட்டு அண்ணன் உட்கார்ந்த மாதிரியே பின்னாடி தள்ளிக் கிடந்துச்சு. என் கால் கிளட்சுக்கு எட்டலை. சீட்டை முன்னாடி இழுக்க மனசு வரலை. அப்படியே நுனியில உட்கார்ந்து ஓட்டிக்கிட்டு வந்தேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எனக்குத் தெரியலைம்மா. சத்தியமாத் தெரியலை.”

சித்தப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்து பாப்பா கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அவர் மேல் கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது.

“ஏன், அதுல என்ன இருக்கு?” என்றார்.

“ஒண்ணுமில்லை. துண்டு ஆறிடுச்சு பாருங்க. வெந்நீர் ஊத்துங்க.”

ஒன்றுமில்லையா? எல்லாமே அதில்தான் இருந்தது. வழியில் ஏதாவது வாங்க இறங்கினால் அப்பா மாற்ற மாட்டார். இன்ஜின் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடலாம். இனி வெகுநேரம் கிளம்பப் போவதில்லை என்று தெரிந்தால் மட்டும்தான் மாற்றுவார். பல் கீழே இருந்தது என்றால், அந்தச் சாலையில் எங்கேயோ ஓர் இடத்தில், அவருக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்து, பல்லைக் கீழே தள்ளி, குழாயெல்லாம் கழுவிப் போகட்டும் என்று ரெண்டு மூணு நிமிஷம் காரை ஓட்டி, ஓரங்கட்டி, நிறுத்தியிருக்கிறார். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியிருக்கலாம். ஹாரனை அடித்து யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். போன் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து அதை எடுத்து நேற்றே பார்த்தாள். கடைசியாகப் பேசியது மீன்கடைக்காரரோடு. அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை.

இந்த மனுஷன் செத்துக்கொண்டிருக்கும்போது காரைக் கழுவிக்கொண்டிருந்தாரா? பாப்பாவுக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது. வந்தது சிரிப்பில்லை. பில்டரைத் திருகி முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அல்லது வாயுப்பிடிப்பு என்று நினைத்திருப்பார். கொஞ்சம் கண்ணை மூடி இளைப்பாறலாம் என்று நிறுத்தியிருப்பார். சித்தப்பா சொன்ன கடைசிக் கதையே தப்பாக இருந்து, பல் மேலேயே இருந்திருக்கலாம். ஒரு யோசனை பிடிபடுவதற்குள் அடுத்தது வந்து அதைத் தள்ளியது. எதை நினைத்தால் அப்பாவுக்கு நல்லது, எதை நினைத்தால் தனக்கு நல்லது என்றே அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காலையிலேயே வந்த மீன்கடைக்காரர் மதிலோரமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகத் தைரியமில்லாமல் வெளியிலேயே நின்றார். பாப்பா கேட்காமலேயே சொன்னார்.

“நல்லாத்தான் இருந்தாரும்மா. தோள் வலிக்குதுன்னார். டின்னைத் தூக்கினதாலன்னு அவரே சொல்லிச் சிரிச்சார். உட்காருங்கன்னேன். வீட்டுல தேடுவாங்கன்னு கிளம்பிட்டார். நான் கையைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கணும்.”

“அப்படியெல்லாம் நினைக்காதீங்க. ஒரு நொடிதானாம்,” என்றாள் பாப்பா. அம்மாவின் வாக்கியம் தன் வாயிலிருந்து தானாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தெருமுனையில் வண்டி திரும்புவது தெரிந்தது. அவள் பல்லைக் கீழே தள்ளினாள். டீசலை இன்ஜினுக்கு ஏற்றும் கைப்பம்பை அது கெட்டிப்படும்வரை அமுக்கினாள். அப்பாவின் சீட்டில் உட்கார்ந்தாள். கிளட்சை மிதிக்க அவள் காலும் எட்டவில்லை. சீட்டின் அடியில் இருந்த கம்பியைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டாள். யாராவது ஒருவர் அதைச் செய்துதான் ஆக வேண்டும்.

முதலில் உறுமல் மட்டும். மறுபடி திருப்பினாள். இருமல். “விடாதே, விடாதே!” என்று சித்தப்பா கெட்டிலோடு குதித்தார். ஒரு குலுக்கு, ஒரு வெடிப்பு, பின்னாலிருந்து வெள்ளைப் புகை. வாணலி எழுந்துகொண்டது. குழாயில் மிச்சமிருந்த எண்ணெய் எரிந்து, பொரித்த வாசனை கேட்டைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, முன்னறைக்குள் போனது.

கதவோரம் நாற்காலியில் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். காது சுத்தமாகக் கேட்காது. வாயில் இருந்தது அப்பா செய்த பல். அவர் நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

“வந்துட்டார்,” என்றார் சத்தமாக. “வாசனை வந்துடுச்சு பாருங்க.”

ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கே பெட்டி கண்ணில் பட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வந்தாள்.

பாப்பா காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. அம்மா படியில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நின்றாள்.

வழி கிடைத்ததும் எல்லாம் மளமளவென்று நடந்தன. பெட்டி வெளியே வந்தது, வண்டிக்குள் போனது. தலைப்பக்கம் முன்னாலா பின்னாலா என்பதில் வண்டி ஓட்டுபவருக்கும் சித்தப்பாவுக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. சித்தப்பா தோற்றார். பெட்டியோடு அவர் ஏறிக்கொண்டார். அம்மாவுக்கும் அதே வண்டியில்தான் இடம் வைத்திருந்தார்கள்.

“நான் வாணலியிலேயே வரேன்,” என்றாள் அம்மா.

“அண்ணி, அது வழியில நின்னு போச்சுன்னா?”

“நின்னா நிக்கட்டும்.”

தன் பக்கக் கதவைத் திறந்து, தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டுகிற சீட்டு முன்னால் வந்திருப்பதைப் பார்த்தாள்.

மயானம் ஊருக்கு வெளியே வெகுதூரம். வண்டி நடைவேகத்தில் முன்னால் போனது, பாப்பா பின்னால் ஓட்டினாள். டீசல் முள் சிவப்பில் கிடந்தது. இருந்தது பில்டரில் ஊற்றியதும் டாங்கின் அடியில் கிடந்ததும்தான். சூட்டு முள் பாதிக்கு வந்ததும் அம்மா கையை நீட்டி, கேட்காமலேயே, பல்லை மேலே தள்ளினாள். கொஞ்ச தூரம் போனதும் அந்த வாசனை எழுந்தது. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, கடை எங்கே என்று தேடினார்.

அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“மாத்தியிருந்தாரா?”

இந்தக் கேள்வி அம்மாவிடமிருந்து வரும் என்று பாப்பா நினைக்கவே இல்லை. நினைத்திருக்க வேண்டும். அந்தப் பல்லை அவளைவிட அதிகம் தொட்டவள் அம்மா. ‘ஒரே சாவி’ என்று சித்தப்பா முன்னறையில் நின்று பெருமையடித்தபோது அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

என்ன சொல்வது? இல்லை என்றால், ஒரு நொடிதான். வலியில்லை, பயமில்லை, அம்மாவின் வாக்கியம் பத்திரமாக இருக்கும். ஆனால் போகும்போது அவருக்கு யார் நினைவும் வரவில்லை என்றும் ஆகிவிடும். ஆமாம் என்றால், தெரிந்திருக்கிறது, நேரம் இருந்திருக்கிறது, தனியாக இருந்திருக்கிறார். போன் பையில் இருக்க, கை பல்லுக்குப் போயிருக்கிறது. எது ஆறுதல், எது கொடுமை என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மா எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாள் என்றும் அந்த முகத்திலிருந்து தெரியவில்லை.

“தெரியலைம்மா. சித்தப்பா மாத்தி மாத்திச் சொல்றார்.”

அம்மா சட்டென்று சிரித்துவிட்டாள். பாப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. முன்னால் போகும் வண்டியில் பெட்டி தெரிந்தது, இருவரும் அடக்கிக்கொண்டார்கள்.

“அவர் சொல்றதை விடு. உனக்கு என்ன தோணுது?”

“மாத்தியிருந்தார்னுதான் தோணுது.”

அம்மா தலையாட்டினாள். ஆமாம் என்று ஒத்துக்கொள்வதுபோலவும் இருந்தது, யாரோ சொல்லும் வழியைக் கேட்டுக்கொள்வதுபோலவும் இருந்தது. பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“யாராவது வந்து எடுக்கணுமே, அப்பக் கிளம்பணுமேன்னு நினைச்சிருப்பார்,” என்றாள். பிறகு, “இல்லை, பழக்கதோஷமாத் தள்ளியிருப்பார்,” என்றாள். பிறகு குரல் உயர்ந்தது. “ஒரு போன் பண்ணக் கூடாதா? என்ன மனுஷன்டி இவர்? நான் போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”



மயானத்தின் நீண்ட மதில் தெரிந்தது. வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கித் திரும்பியது. பாப்பாவும் திரும்பப் போனாள். அம்மாவின் கை நீண்டது. பல் கீழே இறங்கியது.

“நிறுத்தாதே. இப்பத்தான் மாத்தியிருக்கேன்.”

“அம்மா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நிறுத்தினா மறுபடி உறைஞ்சுடும். மதிலைச் சுத்திப் போ.”

பாப்பா கேட்டைத் தாண்டிப் போனாள். சித்தப்பா வண்டியிலிருந்து இறங்கி, தங்களைத் தாண்டிப் போகும் காரை வாய் பிளந்து பார்த்தார். மதிலைச் சுற்றி ஒரு மண்சாலை ஓடியது. அம்மா தன் பக்கக் கண்ணாடியை இறக்கினாள். குளிர்காற்றோடு எண்ணெய் வாசனையும் உள்ளே வந்தது. மதில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மூலை திரும்பினார்கள். இன்னும் வாசனை இருந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. காலமெல்லாம் இந்த நிமிஷங்களை அம்மா பேசியே கடந்திருக்கிறாள், அதன் நீளத்தை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த மூலையும் வந்தது.

“இவ்வளவு நேரம் ஆகுமா?” என்றாள் அம்மா, மெதுவாக.

“ஆகும்மா.”

“இவ்வளவு நேரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்காரா?”

பாப்பா சாலையையே பார்த்து ஓட்டினாள். கண் மறைத்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். மறுபடி கேட்டுக்கு எதிரே வந்தார்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் பக்கத்திலிருந்தவரிடம் என்ன விஷயம் என்று கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. வாசனை மெலிந்து, மெலிந்து, வெறும் டீசல் புகையாகியிருந்தது.

“போயிடுச்சும்மா. நிறுத்தலாமா?”

அம்மா கண்ணாடியை இன்னும் இறக்கி, முகத்தை வெளியே நீட்டி, மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கு. இன்னொரு சுத்து போ.”

பாப்பாவுக்கு எந்த வாசனையும் வரவில்லை. கேட்டருகே சித்தப்பா இரண்டு கைகளையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். அவள் அவரைத் தாண்டி, மதிலோரமாக மறுபடி காரைத் திருப்பினாள்.